வராத பெட்டிக்கு யார் பொறுப்பு?

2022 ஜூலை 11 அன்று லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கு டெல்டா நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ330 விமானம் ஒன்று பறந்தது. இருக்கைகளில் பயணிகள் யாரும் இல்லை. அடிவயிற்றில் ஆயிரம் பெட்டிகள் மட்டும் இருந்தன.

கரோனா அடங்கிய பிறகு வந்த அந்தக் கோடையில் பயணிகள் ஒரேயடியாகத் திரும்பினார்கள். ஊரடங்கில் வேலை இழந்த சுமையாளர்கள் திரும்பவில்லை. ஹீத்ரோவின் தரையில் பெட்டிகள் மலையாகக் குவிந்தன. நெருக்கடியைச் சமாளிக்க விமான நிலையம் பயணிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்க, டெல்டாவின் ஒரு சேவை ரத்தானது. சும்மா நின்ற விமானத்தில் தேங்கிக் கிடந்த பெட்டிகளை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பெட்டிகளுக்கென்றே ஒரு பெரிய விமானத்தை ஓட்ட வேண்டிய நிலை வந்ததே என்று அப்போது உலகம் சிரித்தது. ஆனால், அந்த ஆயிரம் பெட்டிகளின் உரிமையாளர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவர்களுடைய பெட்டி எங்கே இருக்கிறது என்று யாருக்கோ தெரிந்திருந்தது.

விமான நிறுவனங்களுக்குத் தகவல் தொழில்நுட்பச் சேவை வழங்கும் எஸ்ஐடிஏ அமைப்பு தடம் மாறும் பெட்டிகள் பற்றி ஆண்டுதோறும் ஒரு கணக்கு வெளியிடுகிறது. 2007இல் ஆயிரம் பயணிகளுக்கு ஏறத்தாழ 19 பெட்டிகள் தடம் மாறின. 2024இல் அது 6.3 ஆகக் குறைந்துவிட்டது. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் மொத்தத்தில் அது 3.3 கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள். அவற்றில் நான்கில் மூன்று பங்கு தாமதமாக வந்தவை; மூன்றில் இரண்டு பங்கின் சிக்கல் 48 மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட்டது. அடியோடு தொலைந்தவையும் திருடு போனவையும் சேர்த்து 8 சதவீதம். பெல்ட்டில் பெட்டி வராமல் நிற்கும் பயணிக்கு முதலில் தெரிய வேண்டிய செய்தி இதுதான்: பெட்டி பெரும்பாலும் இன்னும் ஏதோ ஒரு ஊரில் பத்திரமாக இருக்கிறது. அது திரும்பி வருவதும், வராவிட்டால் பணம் கிடைப்பதும் அடுத்த அரை மணி நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதைப் பெரிதும் பொறுத்தது.

பெட்டி எங்கே தவறுகிறது? 2024இல் தாமதமானவற்றில் நூற்றுக்கு 41 பெட்டிகள் விமானம் மாறும் இடத்தில் சிக்கியவை. சென்னையிலோ திருச்சியிலோ ஏறி, துபாயிலோ கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இறங்கி, அங்கிருந்து வேறொரு விமானத்தைப் பிடிக்கும் தமிழர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் பயணி ஓடிப்போய் இரண்டாவதைப் பிடித்துவிடுவார். பெட்டிக்குக் கால் இல்லை. விமானம் நிரம்பி எடை கூடிவிட்டால் சில பெட்டிகளை இறக்கி அடுத்த சேவையில் ஏற்றுவதும் நடக்கிறது. போன பயணத்தின் டேக்கைக் கிழிக்காமல் விட்டால், ஸ்கேனர் பழைய பார்கோடைப் படித்து, இல்லாத பயணத்துக்குப் பெட்டியை அனுப்பப் பார்க்கும்.

இன்னொரு குழப்பம் நம் ஊர்க்காரர்களுக்கு அடிக்கடி நேர்வது. வெளிநாட்டிலிருந்து மும்பை அல்லது டெல்லி வழியாகச் சென்னைக்கோ மதுரைக்கோ வருபவர்கள், இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்து, சுங்கத்தைக் கடந்து, மறுபடியும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அமெரிக்காவிலும் பொதுவாக இதே முறைதான். டேக்கில் கடைசி ஊரின் பெயர் இருப்பதைப் பார்த்து, ‘நேராகப் போய்விடும்’ என்று நம்பி நடந்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படி நம்பியவர் மதுரையில் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பெட்டி மும்பையில் சுற்றிக்கொண்டிருக்கும். பெட்டியை ஒப்படைக்கும்போதே, ‘இதை நான் எந்த ஊரில் எடுக்க வேண்டும்?’ என்று கவுன்டரில் கேட்டுவிடுவது நல்லது.

அந்த டேக்கையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். அதில் உள்ள பத்து இலக்க எண்தான் பெட்டியின் அடையாளம். முதல் இலக்கத்தை விட்டுவிட்டால் அடுத்த மூன்றும் நிறுவனத்தைக் குறிக்கும்: ஏர் இந்தியாவுக்கு 098, எமிரேட்ஸுக்கு 176, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618. பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும் மூன்றெழுத்து, பெட்டி போக வேண்டிய ஊர். சென்னைக்கு எம்ஏஏ, திருச்சிக்கு டிஆர்இசட், மதுரைக்கு ஐஎக்ஸ்எம், கோவைக்கு சிஜேபி. போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டித் தரும் குட்டி ஸ்டிக்கரில் இருப்பதும் அதே பத்து இலக்கம்தான். விமானத்தில் ஏறியதும் பலர் கசக்கி எறிந்துவிடும் அந்தக் காகிதத் துண்டுதான் பெட்டிக்கான ரசீது.

பெட்டி வரவில்லை என்று உறுதியானதும் போக வேண்டிய இடம், பெல்ட்டுகளுக்கு அருகிலேயே இருக்கும் பேக்கேஜ் கவுன்டர். கடைசியாக எந்த நிறுவனத்தின் விமானத்தில் வந்து இறங்கினாரோ அதன் கவுன்டருக்குத்தான் போக வேண்டும். டிக்கெட் விற்ற நிறுவனம் வேறாக இருந்தாலும் சரி. அங்கே பெரும்பாலும் களைத்துப்போன ஓர் ஊழியர் இருப்பார். ‘அடுத்த ஃபிளைட்ல வந்துரும் சார், நாங்களே போன் பண்றோம்’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. பல நேரம் அப்படித்தான் ஆகும். ஆனால், அந்த வார்த்தையை மட்டும் நம்பி டாக்ஸி பிடித்துவிடக் கூடாது. ‘பிஐஆர்’ எனப்படும் புகார் அறிக்கையைப் பதிவுசெய்து, அதன் நகலைக் கையில் வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். ஐந்து எழுத்துகளும் ஐந்து எண்களும் கொண்ட குறியீடு ஒன்று அதில் இருக்கும். முதல் மூன்றெழுத்து ஊர், அடுத்த இரண்டெழுத்து நிறுவனம், மிச்சம் வரிசை எண்.

அந்தக் குறியீடு ‘வேர்ல்டுடிரேசர்’ என்ற உலகளாவிய தேடல் அமைப்பில் பதிவாகிறது. ஆயிரக்கணக்கான விமான நிலையங்களில் ஆளில்லாமல் கிடக்கும் பெட்டிகளின் விவரங்களையும், காணவில்லை என்று பதிவான பெட்டிகளின் விவரங்களையும் அது நூறு நாள் வரை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். டேக் ஒட்டியிருந்தால் ஒப்பிடுவது நொடியில் முடிந்துவிடும். டேக் கிழிந்துபோயிருந்தால்தான் தொல்லை. கவுன்டரில் படங்கள் போட்ட ஓர் அட்டையைக் காட்டி, பெட்டி எந்த வகை, என்ன நிறம் என்று கேட்பார்கள். ‘கறுப்பு, நாலு சக்கரம்’ என்று சொன்னால், ஹீத்ரோவில் மட்டும் அப்படி ஆயிரம் இருக்கும். ‘உள்ளே மேலாக மாம்பழ நிறச் சேலை, பக்கத்தில் பருப்புப் பொடி டப்பா, ஒரு இடியாப்ப அச்சு’ என்று சொன்னால் உலகத்தில் அப்படி ஒன்றுதான் இருக்கும். பெட்டியை மூடும் முன் செல்பேசியில் ஒரு படம், மூடிய பிறகு ஒரு படம். உள்ளே ஒரு தாளில் பெயரும் செல்பேசி எண்ணும். வெளியே எழுதியது அழிந்தாலும் இவை உதவும்.

வெளிநாட்டிலிருந்து இந்தியா வருபவர்களுக்கு இன்னொரு தாளும் தேவை. பெட்டி பிறகு வரும்போது அதற்கும் சுங்க விலக்கு கிடைக்க வேண்டுமானால், பெட்டி வரவில்லை என்று விமான நிறுவனத்திடம் சான்று வாங்கி, பயன்படுத்தாமல் மிச்சமிருக்கும் விலக்குத் தொகையைக் குறித்து அதில் சுங்க அதிகாரியின் கையொப்பம் பெற்றுக்கொள்ள வேண்டும். இதை யாரும் வலியச் சொல்வதில்லை. சுங்கத்தின் பச்சை வழியில் நடந்து வெளியேறிய பிறகு நினைவுக்கு வந்து பயனில்லை.

கண்காணிப்புக் கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆப்பிள் நிறுவனம் 2021இல் கொண்டுவந்த ஏர்டேக் போன்ற வில்லைகள் இப்போது பல பெட்டிகளில் பயணிக்கின்றன. 2022 அக்டோபரில் லுஃப்தான்சா அவற்றுக்குத் தடை என்று சொல்லிவிட்டு, சில நாள்களிலேயே பின்வாங்கியது. 2024 இறுதியில், பெட்டி இருக்கும் இடத்தைப் பயணி ஒரு இணைப்பு வழியாக விமான நிறுவனத்துடன் பகிரும் வசதியும் வந்துவிட்டது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் உள்ளிட்ட பல நிறுவனங்கள் அதை ஏற்றன. பெட்டி இஸ்தான்புல்லில் இருப்பதைச் செல்பேசியில் பார்த்துக்கொண்டே கோவையில் உட்கார்ந்திருப்பது சிலருக்கு ஆறுதல், சிலருக்குக் கூடுதல் ரத்தக் கொதிப்பு.

உண்மையில், விமான நிறுவனங்களுக்குப் பயணியின் வில்லை தேவைப்படவே கூடாது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் 753ஆம் தீர்மானம் 2018 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. பயணியிடம் பெட்டியை வாங்கும்போது, விமானத்தில் ஏற்றும்போது, மாற்று விமானத்துக்குக் கைமாற்றும்போது, பயணியிடம் திருப்பித் தரும்போது என நான்கு இடங்களில் பெட்டியின் தடத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்று உறுப்பு நிறுவனங்களுக்கு அது சொல்கிறது. அந்தப் பதிவு ஒழுங்காக நடந்திருந்தால், ‘பெட்டி கடைசியாக எங்கே ஸ்கேன் ஆனது?’ என்ற கேள்விக்குக் கவுன்டரில் பதில் இருக்க வேண்டும். பயணிகள் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ‘தேடிக்கொண்டிருக்கிறோம்’ என்பது அதற்குப் பதில் ஆகாது.

2022 மார்ச்சில் நடந்த ஒரு கதை இந்தியாவெங்கும் பேசப்பட்டது. பாட்னாவிலிருந்து பெங்களூருக்கு இண்டிகோ விமானத்தில் வந்த ஒரு மென்பொருள் பொறியாளரின் பெட்டி, அதேபோன்ற பெட்டி வைத்திருந்த சக பயணியுடையதோடு மாறிவிட்டது. வாடிக்கையாளர் சேவையில் எத்தனை முறை பேசியும் வேலை நடக்கவில்லை. தனியுரிமை விதியைக் காட்டி மற்றவரின் எண்ணைத் தர மறுத்தார்கள். பொறுமையிழந்த அவர், பெட்டியின் டேக்கில் இருந்த மற்றவரின் பிஎன்ஆரை வைத்து நிறுவனத்தின் இணையதளத்தைத் துழாவினார். பின்னணியில் ஓடும் தரவிலேயே அந்தப் பயணியின் தொலைபேசி எண் கிடந்தது. இருவரும் பேசி, வழியில் சந்தித்துப் பெட்டிகளை மாற்றிக்கொண்டார்கள். அந்தச் சக பயணியைத் தொடர்புகொள்ள முயன்றதாகவும், தங்கள் தளம் பாதுகாப்பானது என்றும் நிறுவனம் விளக்கம் தந்தது. பொறியாளரின் கெட்டிக்காரத்தனத்தைப் பலரும் மெச்சினார்கள். கணினி தெரியாத ஒருவரின் பெட்டி மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத்தான் அதிகம் பேசியிருக்க வேண்டும்.

இனி பணம். சர்வதேசப் பயணத்துக்கு 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். இந்தியா 2009இல் அதில் சேர்ந்தது. அதற்கு முன்பிருந்த 1929ஆம் ஆண்டின் வார்சா உடன்படிக்கை பெட்டியை எடை போட்டு இழப்பீடு தந்தது. கிலோவுக்கு இத்தனை, உள்ளே பட்டு இருந்தாலும் பழைய துணி இருந்தாலும் ஒன்றுதான். மான்ட்ரியல் அதைப் பயணி ஒருவருக்கான உச்சவரம்பாக மாற்றியது. 2024 டிசம்பர் 28 முதல் அந்த வரம்பு 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு. டாலரில் சுமார் 2,000. ரூபாயில் ஒன்றே முக்கால் லட்சத்தை ஒட்டி வரும். ஒரே டிக்கெட்டில் சென்னையிலிருந்து டெல்லி வழியாக லண்டன் போனால், சென்னை–டெல்லி தூரமும் சர்வதேசப் பயணத்தின் பகுதியாகவே கருதப்படும்.

உடன்படிக்கையின் நாள் கணக்கு கறாரானது. பெட்டி உடைந்து வந்தால் ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாக வந்தால், கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாள். வர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் வராவிட்டால், தொலைந்ததாகவே கருதி இழப்பீடு கோரலாம். வழக்குத் தொடர இரண்டு ஆண்டு. பல நிறுவனங்களின் விமானங்களில் மாறி வந்திருந்தால், முதல் நிறுவனம், கடைசி நிறுவனம், பெட்டி தொலைந்த தடத்தை ஓட்டிய நிறுவனம் ஆகிய எதன் மீதும் வழக்குத் தொடரலாம். ‘அது எங்கள் தவறல்ல, அவர்களைப் போய்க் கேளுங்கள்’ என்று பந்தாடுவதற்கு உடன்படிக்கையில் இடமில்லை. கவுன்டரில் தந்த பிஐஆர் மட்டும் போதும் என்றும் இருந்துவிடக் கூடாது. மின்னஞ்சலில் தனியாக ஒரு புகாரை அனுப்பி வைப்பதுதான் பாதுகாப்பு.

கனடாவின் பாடகர் டேவ் கேரல் நாள் கணக்கின் கொடுமையை அனுபவித்தவர். 2008இல் சிகாகோ வழியாகப் போனபோது அவருடைய கிட்டார் உடைந்தது. 24 மணி நேரத்துக்குள் முறையாகப் புகார் தரவில்லை என்று யுனைடெட் நிறுவனம் கைவிரித்தது. அவர் அதையே பாட்டாக்கி 2009 ஜூலையில் யூடியூபில் போட, லட்சக்கணக்கானோர் பார்த்து நிறுவனத்தின் மானம் காற்றில் பறந்தது. அதே ஆண்டு அக்டோபரில், வாடிக்கையாளர் சேவை பற்றிப் பேச அழைக்கப்பட்டு, அதே நிறுவனத்தின் விமானத்தில் கொலராடோ போனார். அவருடைய பெட்டி வரவில்லை.

1,519 எஸ்டிஆர் என்பது உச்சவரம்புதான், தானாகக் கைக்கு வரும் தொகை இல்லை. ஸ்பெயினில் இபிசாவிலிருந்து ஃபுவெர்தெவெந்துரா போன ஒரு பயணியின் பெட்டி தொலைந்தது. உடன்படிக்கையின் அன்றைய வரம்பை முழுமையாகக் கேட்டார் அவர். வூலிங் நிறுவனம் 250 யூரோ தருவதாகச் சொன்னது. வரம்பு முழுவதும் தானாகச் சேர வேண்டியதில்லை, இழப்பை மதிப்பிட்டே தொகையை முடிவுசெய்ய வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. நம் வீடுகளில் நகை பில்லைப் பீரோவில் பூட்டி வைப்போம். சேலை பில் கடைப் பையோடு போய்விடும். பெட்டியை மூடும் முன் எடுத்த படம் இங்கேயும் கைகொடுக்கும். பெட்டி வராத நாள்களில் வாங்கிய மாற்றுத் துணி, பற்பசை, மருந்து எல்லாவற்றுக்கும் பில் வைத்திருந்தால் அந்தச் செலவையும் கேட்கலாம்.

பயணிக்குச் சாதகமான ஒரு தீர்ப்பும் உண்டு. நான்கு பேர் கொண்ட குடும்பம் பார்சிலோனாவிலிருந்து பாரிஸ் போனது. நால்வரின் பொருள்களும் இரண்டு பெட்டிகளில் இருந்தன, இரண்டும் தொலைந்தன. அடுத்தவர் பெயரில் பதிவான பெட்டியில் தன் பொருள் இருந்ததென்று நிரூபிக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக இழப்பீடு கோரலாம் என்று 2012இல் அதே நீதிமன்றம் சொன்னது. பாட்டியின் சேலையைப் பேரனின் பெட்டியில் திணிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காகவே எழுதப்பட்டதுபோன்ற தீர்ப்பு. இந்திய நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால், இங்கும் அங்கும் சட்டம் அதே உடன்படிக்கைதான். வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டத் தடையில்லை.

இத்தனையும் சர்வதேசப் பயணிக்கு. உள்நாட்டுப் பயணியின் கதை வேறு. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் பயணிகள் சாசனத்தின்படி, உள்நாட்டில் பெட்டி தொலைந்தாலும் தாமதமானாலும் சேதமானாலும் உச்சவரம்பு 20,000 ரூபாய். அதே பெட்டி, அதே சேலைகள். சிங்கப்பூர் போனால் ஒன்றே முக்கால் லட்சம் வரை. டெல்லி போனால் 20,000. இதற்கு எந்த நியாயமும் இல்லை. அமெரிக்கா தன் உள்நாட்டுப் பயணத்துக்கான வரம்பை 2025 ஜனவரியில் 4,700 டாலராக உயர்த்தியது. அது ஏறத்தாழ நான்கு லட்சம் ரூபாய். அங்கே உள்நாட்டு விமானத்தின் பெட்டி 12 மணி நேரத்துக்குள் வந்து சேராவிட்டால், பெட்டிக்காக வாங்கிய கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். இங்கே, ஒரு கல்யாணப் பட்டுச் சேலையின் விலைக்கே 20,000 போதாது.

விரும்பினால் இந்திய அரசால் நிறுவனங்களை விரட்ட முடியும். விமானம் நின்ற பத்து நிமிடத்தில் முதல் பெட்டியும் அரை மணி நேரத்தில் கடைசிப் பெட்டியும் பெல்ட்டுக்கு வர வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் ஏழு நிறுவனங்களுக்கு உத்தரவு போனது. பெட்டி சற்றுத் தாமதமாக வந்தால் நிமிடக் கணக்கு பார்க்கும் அரசு, பெட்டியே வராதபோது பயணியை நிறுவனத்தின் கருணைக்கு விட்டுவிடுகிறது.

கடைசிவரை உரிமையாளரிடம் சேராத பெட்டிகளுக்கென்றும் ஓர் இடம் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஸ்காட்ஸ்போரோ என்ற சிற்றூர் இருக்கிறது. 1970இல் டாயில் ஓவன்ஸ் என்பவர் 300 டாலர் கடனும் இரவல் வண்டியுமாக அங்கே ஒரு கடை தொடங்கினார். சுமார் மூன்று மாதம் தேடியும் உரிமையாளர் கிடைக்காமல், இழப்பீடும் தரப்பட்டுவிட்ட பெட்டிகளை விமான நிறுவனங்களிடம் வாங்கி, உள்ளே இருப்பதை விற்கிறார்கள். இன்று அது ஒரு சுற்றுலாத் தலம். அங்கே போய்ச் சேரும் பெட்டிகளில் பலவற்றின் உள்ளே ஒரு தொலைபேசி எண் எழுதிய துண்டுத் தாள் இருந்திருந்தால் அவை வீடு திரும்பியிருக்கும்.

மருந்து, பாஸ்போர்ட், படிப்புச் சான்றிதழ், நகை, மடிக்கணினி ஆகியவை கைப்பையில்தான் இருக்க வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்யாணத்துக்குப் போகிறவர்கள் தாலிக்கொடியைச் செக்-இன் பெட்டியில் போடும் துணிச்சலுக்கு எந்த உடன்படிக்கையும் முழு ஈடு தராது. குடும்பமாகப் போனால் ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று உடையை மற்றவர் பெட்டியில் வைப்பது நல்லது. ஒரு பெட்டி வராவிட்டாலும் நாள் ஓடிவிடும்.

நிறுவனம் இழுத்தடித்தால் முதலில் அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் தரலாம். அதிலும் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். நிறுவனத்தின் தலைமையகம் குருகிராமில் இருந்தாலும் திண்டுக்கல்காரர் திண்டுக்கல்லிலேயே மனு போடலாம். செலுத்திய கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை.

மான்ட்ரியல் உடன்படிக்கையின் இழப்பீட்டு வரம்பு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை விலைவாசியோடு ஒப்பிட்டு மறுஆய்வு செய்யப்படுகிறது. 2009இல் 1,131 எஸ்டிஆராக இருந்தது 2019இல் 1,288 ஆகி, இப்போது 1,519இல் நிற்கிறது. உள்நாட்டின் 20,000 ரூபாய்க்கும் இதே மறுஆய்வு முறையை விமானப் போக்குவரத்து அமைச்சகம் கொண்டுவர வேண்டும். தொகையை உயர்த்தும் வரை காத்திருக்காமல் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு: சென்னை, திருச்சி, மதுரை, கோவை, தூத்துக்குடி விமான நிலையங்களின் ஒவ்வொரு பெல்ட்டின் அருகிலும், பெட்டி வராவிட்டால் எங்கே போக வேண்டும், எத்தனை நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், எவ்வளவு கேட்கலாம் என்பதைத் தமிழில் ஒரு பலகையாக எழுதி வைக்க வேண்டும்.